கத்தரிக்காய் வடியட்டும்

உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு சாயங்காலம். காய்கறிக் கடையில் ஒரு பெண் கைபேசியை நீட்டி, "அண்ணா, இது வருமா?" என்று கேட்கிறார். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். "தாமர மொட்டாம்மா? பூக்கடைல கேட்டுப் பாரு."

அது தாமரை இல்லை, ஆர்ட்டிசோக். ஆனால் கடைக்காரர் சொன்னதையும் முழுத் தப்பென்று தள்ள முடியாது. ஆர்ட்டிசோக் என்பது சூரியகாந்திக் குடும்பத்து முட்செடி ஒன்றின் விரியாத பூமொட்டுதான். பூ விரிவதற்கு முன்பே பறித்து, வேகவைத்து, இதழடிச் சதையைச் சுரண்டித் தின்பார்கள். மத்தியதரைக்கடல் ஓரத்தில் அது அன்றாடக் காய். இங்கே படத்தில் மட்டும்.

அந்தப் பெண்ணுக்கு அது எதற்கு? ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் வருகிறது, பள்ளித் தோழிகள் ஒரு டஜன் பேர் வருகிறார்கள். "அம்மா, இந்தத் தடவ கேக்கு, பஃப்ஸு, சிப்ஸோட முடிச்சுடாத. டிப் வேணும். சுடச்சுட. கரண்டில எடுத்தா நூல் மாதிரி வரணும்" என்று மகள் ஒரு காணொளியைக் காட்டி உத்தரவு போட்டிருக்கிறாள். காணொளியில் இருந்தது பசலைக்கீரையும் ஆர்ட்டிசோக்கும் சேர்த்து, கிரீம் சீஸும் துருவிய சீஸும் கொட்டி, ஓவனில் மேலே பொன்னிறமாகும்வரை சுட்டெடுக்கும் அமெரிக்க விருந்துப் பண்டம். அமெரிக்கர்களுக்கு டிப் என்பது விருந்தின் அடையாளம் மாதிரி. 1954-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பெயர் தெரியாத யாரோ லிப்டன் வெங்காய சூப் பொடியைப் புளித்த கிரீமில் கலக்கி வைக்க, நாடே அதை எடுத்துக்கொண்டது என்பது அவர்களுடைய டிப் புராணத்தின் முக்கியமான அத்தியாயம்.

கடைத்தெருவிலிருந்து அந்தப் பெண் வீடு திரும்பியது ஒன்றரைக் கிலோ கத்தரிக்காயோடு.

வீட்டில் மாமியார் கைபேசியை வாங்கிக் காணொளியை முழுக்கப் பார்த்தார். "இன்னாம்மா இது, வெள்ளையா கூழு மாதிரி?"

"கீரையும் ஒரு பூவும் போட்டு, சீஸ் ஊத்தி, ஓவன்ல வெக்கிறதாம் அத்த. பேரு டிப்."

"கடைசல்னு சொல்லேன். அத்த எதுக்கு பேரு மாத்தினு கெடக்கறாங்க."

மாமியார் சொன்னதில் வம்பு பாதி, விஷயம் பாதி. காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் கடைசல் என்பது குழம்புக்கும் துவையலுக்கும் நடுவில் நிற்கிற ஒரு தனி வகை. கீரைக் கடைசல், பருப்புக் கடைசல், கத்தரிக்காய்க் கடைசல். உள்பக்கம் வரிவரியாகக் கீறிய மண்சட்டி, அதற்கென்று ஒரு மர மத்து. காய் வெந்ததும் நீரை வடித்து, மத்தை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிக் கடைந்தால், சட்டியின் வரிகளில் உரசி உரசிச் சதை குழையும். அரைபடாது, மசியும். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அதற்குப் பிறகு வருவோம். வெதுவெதுப்பாக, குழைவாக, எதையாவது தொட்டுத் தின்பதற்காக ஒரு காய்ப் பண்டம் என்று பார்த்தால், சிதம்பரம் நடராசர் கோவிலில் சம்பா சாதத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கத்தரிக்காய் கொத்சும் இந்த வம்சம்தான். வடக்கே போனால் பஞ்சாபில் பைங்கன் பர்தா, பீகாரில் லிட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் சோக்கா. இன்னும் மேற்கே போனால் எள் விழுது சேர்த்த பாபா கனூஷ். பர்தா, சோக்கா, பாபா கனூஷ் மூன்றுக்கும் முதல் வேலை ஒன்றே: கத்தரிக்காயை நெருப்பில் போடு.

இந்தப் பழக்கம் தமிழில் எவ்வளவு பழசு என்று கேட்டால் ஔவையாரைத்தான் கூப்பிட வேண்டும். கத்தரிக்காய்க்குப் பழைய தமிழில் வழுதுணங்காய் என்று பெயர். மலையாளத்தில் இன்றைக்கும் வழுதனங்காதான். புல்வேளூர்ப் பூதன் என்பவன் வரகுச் சோற்றோடு நெருப்பில் வாட்டிய வழுதுணங்காயும் நன்றாகப் புளித்த மோரும் போட்டதற்கு, உலகம் முழுவதும் அதற்கு ஈடாகும் என்று ஔவையார் பாடியதாகத் தனிப்பாடல் ஒன்று இருக்கிறது. சமையல்காரருக்கு அதைவிடப் பெரிய விமர்சனக் குறிப்பு கிடைக்காது. வாட்டிய கத்தரிக்காய், புளித்த மோர். இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டியதுதான் பாக்கி.

கலக்கினவர்களும் இருக்கிறார்கள். பாக்தாத்தில் 9ஆம் நூற்றாண்டில் கலீபா அல் மாமூனின் மனைவி புரான் என்பவரின் பெயரால் ஒரு கத்தரிக்காய்ப் பண்டம் புகழ்பெற்றது. அவர்களுடைய கல்யாண விருந்து அரபு உலகமே வாயைப் பிளந்து பேசிய விருந்து. அந்தப் பெயர்தான் பாரசீகத்தில் போரானி ஆகி, தயிரோடு கலக்கும் காய்களுக்கெல்லாம் பொதுப் பெயராகி, கடைசியில் ஐதராபாத் பிரியாணிக் கடைகளில் புரானி ரைத்தா என்று வந்து நிற்கிறது. இந்தியப் பக்கத்திலிருந்து போன காய் பாரசீகத்தில் பாதிங்கான், அரபியில் பாதின்ஜான், போர்த்துகீசியரிடம் பெரிஞ்செலா என்று பெயர் மாறி, பிரிஞ்சால் என்ற உருவத்தில் நம்மிடமே திரும்பி வந்தது. வெளிநாடு போய் வந்த மாப்பிள்ளை மாதிரி.

சரி, அடுப்படிக்கு வருவோம்.

அந்த வீட்டில் சமையலறைக்குள் கேஸ் அடுப்பு, கொல்லையில் விறகடுப்பு. இந்தப் பக்கத்துக் கிராம வீடுகள் பலவற்றில் இதே ஏற்பாடுதான். உள்ளே சமையல், வெளியே வெந்நீர். விறகு பெரும்பாலும் ஏரிக்கரையில் வெட்டிய வேலிகாத்தான். ஊருக்கு இடைஞ்சலான மரம் என்று எல்லாரும் திட்டுவார்கள், ஆனால் அதன் கங்கு நின்று நிதானமாக எரியும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். சனிக்கிழமை காலை எல்லாரும் குளித்து முடித்த பிறகு மிஞ்சிய தணலில் ஒத்திகை நடந்தது.

கத்தரிக்காய் தேர்ந்தெடுப்பதில் மாமியார் கறார். கூடையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகக் கையில் வைத்து எடை பார்த்தார். ஒரே அளவுள்ள இரண்டு காயில் கனமானது விதை பிடித்தது, லேசானது இளசு. இது அவர் கணக்கு. காம்பின் தொப்பி பச்சையாக, முள்ளோடு இருக்க வேண்டும். கட்டைவிரலால் அமுக்கினால் பள்ளம் உடனே நிமிர வேண்டும். ஊசி குத்தினாற்போல் ஓட்டை இருந்தால் உள்ளே புழு. தண்டு துளைப்பான், காய்த்துளைப்பான் என்று விவசாயிகள் சொல்லும் அதே புழு. அதற்காகத்தான் பி.டி. கத்தரிக்காய் என்று மரபணு மாற்றிய ரகத்தைக் கொண்டுவரப் பார்த்து, நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி, 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்தது. மூன்றே வருடத்தில், 2013-ல், வங்கதேசம் அதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. இந்தக் கொல்லையில் அந்த வழக்கு இன்னும் எளிமையாகத் தீர்க்கப்படுகிறது: ஓட்டை உள்ள இரண்டு காய் மாட்டுத் தொட்டிக்குப் போனது.

தோட்டக் காரியங்களில் கறாராக இருப்பது இந்த மண்ணுக்குப் புதுசில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம்வரை போய்விட்டன. ஆனால் தேர்தல் எதற்கு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குடும்பு என்ற 30 ஊர்ப்பகுதிகளிலிருந்து ஓலை எடுத்துத் தேர்ந்தவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழு, 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், பதவி 360 நாள்தான். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் தோட்டத்துக்கென்று குடத்தில் ஓலை போட்டு எடுத்து ஆள் வைத்த ஊர் இது.

தணல் மேல் சாம்பல் மெல்லிசாகப் பூத்ததும் காய்களை வைத்தார்கள். வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் நாலைந்து இடத்தில் கத்தி முனையால் குத்தி, உள்ளங்கையில் நல்லெண்ணெய் தொட்டு மேலே தடவினார்கள். குத்தாமல் போட்டால் உள்ளே ஆவி சேர்ந்து காய் வெடிக்கும். வெடித்தால் கண்ணுக்கு ஆபத்து, சதையெல்லாம் சாம்பல். காம்பை நறுக்கக் கூடாது. திருப்புவதற்குக் கைப்பிடி அதுதான்.

முதலில் தோல் பளபளப்பு போய் மங்கும். அடுத்து அங்கங்கே கறுத்து, உலர்ந்த தாள் மாதிரி சுருங்கும். குத்திய துளைகளில் நுரை கட்டி, நுரை வழிந்து தணலில் சொட்டி, 'ஸ்ஸ்' என்று ஓர் ஓசை. அந்தச் சொட்டிலிருந்து கிளம்பும் புகைதான் பிறகு சதைக்குள் இறங்கி வாசனையாக உட்காரப் போகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கால்வட்டம் திருப்பினார்கள். அரை மணி கழித்துக் காய் நிற்க முடியாமல் ஒரு பக்கமாகச் சரிந்து, காற்றுப் போன பந்து போல் தட்டையாகிவிட்டது. காம்புக்குப் பக்கத்தில் கத்தி தடையில்லாமல் இறங்கியது. "வெந்துச்சு" என்றார் மாமியார். எடுத்து ஒரு பாத்திரத்தில் போட்டுத் தட்டால் மூடி வைத்தார்கள். மூடி வைத்தால் அதன் ஆவியே தோலை விடுவிக்கும். உரிக்கும்போது சட்டை கழற்றுவது மாதிரி வரும். குழாயில் காட்டிக் கழுவி உரிப்பவர்கள் உண்டு. அரை மணி உட்கார்ந்து ஏற்றிய புகை வாசனையைச் சாக்கடையில் விடுவதற்கு அது சமம்.

இதுவரை எல்லாம் சரியாக நடந்தது. கோளாறு இதற்குப் பிறகு.

மருமகளுக்கு அவசரம். உரித்த சதையை அப்படியே மிக்சியில் போட்டார். 2011-ல் அரசு கொடுத்த விலையில்லா மிக்சி, இன்னும் ஓடுகிறது, சத்தம் மட்டும் ரைஸ் மில் போல. இரண்டு சுற்று. ஒரு கிண்ணம் தயிரை ஊற்றினார், உப்பு, மிளகு, எலுமிச்சை பிழிந்தார், மேலே சீஸ் துருவி, நாத்தனார் போன தடவை கொடுத்துவிட்டுப் போன சின்ன ஓவனில் வைத்தார். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்தது டிப் அல்ல. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு தீவு, சுற்றிலும் மஞ்சள் கலந்த தண்ணீர், தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகத் திரிந்த தயிர். சீஸ் மட்டும் ஒரு தோலாக மேலே கிடந்தது. வாயில் வைத்தால் லேசான கசப்பு. மகள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அது திட்டுவதைவிட மோசம்.

நடந்தது என்ன என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது, கத்தரிக்காயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். சதை ஸ்பாஞ்சு மாதிரி. பச்சையாக இருக்கும்போது அதன் நுண்ணறைகளுக்கு இடையில் காற்று. அதனால்தான் வதக்கும்போது எண்ணெயை அப்படி இழுக்கிறது. சுடும்போது அறைகள் உடைந்து, காற்று வெளியேறி, அடைபட்டிருந்த தண்ணீர் விடுதலையாகிறது. சுட்ட காயைத் தட்டில் வைத்தாலே அடியில் பழுப்பு நீர் தேங்குவதைப் பார்க்கலாம். அந்தத் தண்ணீரை வெளியேற்றாமல் மேற்கொண்டு என்ன சேர்த்தாலும் வீண். இரண்டாவது, மிக்சி விதைகளைப் பொடித்துவிட்டது. கத்தரிக்காயின் கசப்பு விதையில்தான் அதிகம். மத்து விதையை ஒதுக்கும், பிளேடு ஒதுக்காது. சதையின் நாரும் அறுந்து கோந்து மாதிரி ஆகிவிடும். மூன்றாவது தயிர். பால் புரதம் ஏற்கெனவே புளிப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறது. மேலும் புளிப்பும் சூடும் சேர்ந்தால் அது இறுகிச் சுருங்கி, உள்ளே வைத்திருந்த நீரைக் கக்கிவிடும். மோர்க்குழம்பு கொதிக்கக் கூடாது என்று ஏன் சொல்கிறார்கள், அதில் ஏன் பருப்போ அரிசியோ அரைத்து ஊற்றுகிறார்கள் என்பதற்கும் இதே காரணம்தான். மாவுச்சத்து புரதங்களுக்கு நடுவில் புகுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது.

காணொளிக்காரர்களுக்கு ஏன் திரியவில்லை? அவர்கள் கொட்டியது கிரீம் சீஸ். கொழுப்பு ஏராளம், அதோடு பெரும்பாலும் ஏதாவது ஒரு கோந்துப் பொருளும் சேர்ந்திருக்கும். பெட்டியில் வரும் பிராசஸ்டு சீஸ் விஷயம் இன்னும் சுவாரசியம். 1916-ல் ஜேம்ஸ் கிராஃப்ட் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய முறை அது. பிற்பாடு அதில் சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகளைச் சேர்த்தார்கள். அவை கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்து வைப்பதால்தான் உருக்கினால் வழவழவென்று ஓடுகிறது. நம் பனீர் அப்படி இல்லை. எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரித்த பனீர் எத்தனை சூட்டிலும் உருகாது, வறுபடும். ஆகவே டிப்பில் பனீர் போட வேண்டுமானால் துருவிப் போட்டுப் பயனில்லை, வெண்ணெய் போல அரைத்துத்தான் சேர்க்க வேண்டும்.

மாமியார் திரிந்த கிண்ணத்தை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "வாசன நல்லாத்தான் இருக்குது. தண்ணிய வடிக்காம இன்னாத்துக்கு அவசரம்? கத்திரிக்கா வடியட்டும், அப்பால பாக்கலாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை சமையல் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தின் மேல் நின்றது.

சனி ராத்திரியே தயாரிப்பு தொடங்கியது. அரை லிட்டர் கெட்டித் தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டிக் குழாய்க் கழுத்தில் தொங்கவிட்டார்கள். கோடைக்காலமானால் குளிர்சாதனப் பெட்டிக்குள், கிண்ணத்தின் மேல் வடிகட்டி வைத்து. காலையில் தயிர் பாதியாகச் சுருங்கி, கத்தியால் வெட்டும் பதத்தில் இருந்தது. கீழே வடிந்த நீர் சப்பாத்தி மாவு பிசையப் போனது.

ஞாயிறு காலை ஒரு கிலோ கத்தரிக்காயை முன்போலவே தணலில் சுட்டு, மூடி வைத்து, உரித்து, விதைக் கொத்து கெட்டியாக இருந்த இடங்களை மட்டும் ஒதுக்கி, சோறு வடிக்கும் தட்டில் பரப்பி, மேலே கால் ஸ்பூன் உப்புத் தூவி முக்கால் மணி நேரம் சாய்த்து வைத்தார்கள். அடியில் ஒரு டம்ளருக்குப் பக்கத்தில் நீர் தேங்கியது. ஒரு கிலோ காய், பாதிக்கும் சற்றுக் கூடவோ குறையவோ சதையாக நின்றது. அதைக் கடைசட்டியில் போட்டு மத்தால் கடைந்தார் மாமியார். இரண்டு நிமிடம் போதும். அங்கங்கே நார் தெரிய வேண்டும், தொட்டுத் தின்னும்போது பல்லுக்கு ஏதாவது வேலை இருக்க வேண்டும்.

தனியாக இரும்புச் சட்டியில் வெண்ணெய் ஒரு கரண்டி. இருபது சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய் எல்லாம் பொடியாக நறுக்கிப் பொன்னிறம் தாண்டி இளம்பழுப்புக்கு வரும்வரை வதக்கினார்கள். கொல்லையில் பறித்த இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையை அதில் போட்டுச் சுருண்டதும் இறக்கினார்கள். பசலைக்குப் பதில் முருங்கை. அதில் தண்ணீர் குறைவு என்பதால் இந்த வேலைக்குப் பசலையைவிட மேல். கூடவே ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர்த்துப் பச்சை வாசனை போகப் புரட்டினார்கள். திரியாமல் காப்பது இதுதான்.

குழைவுக்கு எள் விழுது போடுவது அரபு வழி. இங்கே நிலக்கடலை. வறுத்துத் தோல் நீக்கிய கடலை ஒரு கைப்பிடி, நூறு கிராம் பனீர், இரண்டையும் கொஞ்சம் பாலோடு மிக்சியில் நைசாக அரைத்ததும் வெண்ணெய் மாதிரி ஒரு விழுது வந்தது. மிக்சிக்கு இது சரியான வேலை. வடித்த தயிர், கடலை விழுது, வெங்காயக் கலவை, கடைந்த கத்தரிக்காய் எல்லாம் ஒன்றாகக் கலந்து, இடித்த மிளகும் சீரகமும் ஒரு ஸ்பூன். எலுமிச்சையை இப்போது பிழியவில்லை. பரிமாறும்போதுதான்.

அடுத்த கேள்வி ஓவன். நாத்தனார் கொடுத்த ஓவன் சின்னது, மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் உத்தரவாதமில்லை. கலவையை எண்ணெய் தடவிய மண்சட்டியில் நிரப்பி, மேலே ஒரு கட்டி சீஸைத் துருவிப் போட்டு, இரும்புத் தட்டால் மூடி, கொல்லை அடுப்பில் குறைந்த தணல் மேல் வைத்து, மூடியின் மேலும் நாலு கங்கை அள்ளிப் போட்டார்கள். மேலும் கீழும் சூடு. ஓவன் வராத காலத்தில் அலுமினியப் பாத்திரத்தில் மணல் பரப்பிக் கேக் சுட்ட வீடுகளில் இருந்தவர்களுக்கு இந்த வித்தை புதுசாக இருக்காது. தம் பிரியாணியும் இப்படித்தான் இறங்குகிறது. கால் மணி கழித்து மூடியைத் தூக்கினால் ஓரங்களில் கொப்பளம், நடுவில் சீஸ் அங்கங்கே பழுப்புப் புள்ளிகளோடு. தண்ணீர் ஒரு சொட்டில்லை.

வீட்டில் ஓவன் மட்டும் இருப்பவர்களுக்கு: முழுக் காயை 220 டிகிரியில் முக்கால் மணி, கலந்த பிறகு 200 டிகிரியில் இருபது நிமிடம். சமையல் சரியாக வரும், புகை வாசனை வராது. அதற்குக் காயைக் கேஸ் தீயில் நேரடியாகக் காட்டித் தோலைக் கருக்கிவிட்டு ஓவனில் வைக்கலாம். இன்னொரு வழி, கலவையின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணத்தில் கங்கு வைத்து, அதன் மேல் ஒரு சொட்டு நெய் விட்டு ஐந்து நிமிடம் மூடி வைப்பது. மின் அடுப்பு மட்டுமே உள்ள அடுக்குமாடி வீடுகளில் இது இரண்டும் நடக்காது. அங்கே புகையை மறந்துவிட்டுக் கத்தரிக்காய்க்குப் பதில் பரங்கிக்காயைச் சுடலாம். பரங்கிக்குப் புகை தேவையில்லை, இனிப்பே போதும்.

தொட்டுக்கொள்ள என்ன என்பதில் மருமகளுக்கும் மாமியாருக்கும் கடைசிவரை உடன்பாடு வரவில்லை. மருமகள் உருளைக்கிழங்குச் சிப்ஸ் இரண்டு பாக்கெட்டு வாங்கி வைத்திருந்தார். அது சரிப்படாது என்பது முதல் கையிலேயே தெரிந்தது. கெட்டியான டிப்பில் சிப்ஸ் நொறுங்கி உள்ளேயே தங்கிவிடுகிறது, பிறகு வருகிறவர்கள் அதைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். மாமியார் கொண்டுவந்தது தட்டை. கனம், உறுதி, விரலுக்குப் பிடி, கடலைப்பருப்பு அங்கங்கே. டிப்புக்கென்றே கண்டுபிடித்தது போல. மூன்றாவதாக ஒரு தட்டு வந்தது, அதுதான் அன்றைக்குச் சீக்கிரம் காலியானது: காஞ்சிபுரம் இட்லித் துண்டுகள். மிளகு, சீரகம், சுக்கு போட்டு, வரதராசப் பெருமாள் கோவிலில் மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் மணிக்கணக்காக ஆவியில் வேகவைக்கிற அந்த இட்லியை, வீட்டில் டம்ளரில் ஊற்றி எடுத்து, ஆறிய பிறகு விரல் விரலாக நறுக்கி, நெய்யில் நாலு பக்கமும் முறுக விட்டிருந்தார்கள். சுக்கும் புகையும் சேரும் என்று யாருக்கு முதலில் தோன்றியதோ தெரியாது, இருவருமே தனக்குத்தான் தோன்றியது என்கிறார்கள்.

விருந்தில் டிப்பைச் சூடாகவே வைத்திருப்பது தனி வேலை. ஆறினால் கடலை விழுதும் சீஸும் இறுகிப் புட்டு மாதிரி ஆகிவிடும். மண்சட்டி இதற்குக் கெட்டிக்காரன்; மெதுவாகச் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். அகலமான தாம்பாளத்தில் சுடுமணல் பரப்பி அதில் சட்டியைப் புதைத்து வைத்தார்கள். நாத்தனாரின் கணவர் அதைப் பார்த்துவிட்டு, ஓட்டல் பஃபேயில் வெந்நீர்த் தொட்டி வைப்பதும் இதுக்குத்தானே என்றார். பால் சேர்ந்த பண்டம் என்பதால் இது சுவைக்காக மட்டும் இல்லை. 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கிருமிக்குத் தொட்டில் கட்டிய மாதிரி. அதனால் பாதியைச் சட்டியில் வைத்துவிட்டு மீதியைச் சுடாமல் உள்ளே குளிரில் வைத்திருந்து, முதல் சட்டி காலியானதும் இரண்டாவதை ஏற்றினார்கள். இரண்டாவது சட்டிதான் இன்னும் நன்றாக வந்தது. பூண்டும் மிளகும் ஊறியிருந்ததால் இருக்கலாம்.

"நூல் மாதிரி வரல" என்றாள் பிறந்தநாள்காரி, ஒரு இட்லி விரலை முக்கித் தூக்கிப் பார்த்து. உண்மைதான். நூல் வருவதற்கு மொசரெல்லா வேண்டும். சொல்லிவிட்டு அவளே இன்னொரு விரலை முக்கினாள். தோழிகளில் ஒருத்தி, "ஆண்ட்டி, இது என்ன சிக்கனா?" என்று கேட்டாள். புகை வாசனைதான் அவளைக் குழப்பியிருக்கும். கத்தரிக்காய் என்று சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்து மாமியார் சிரித்த சிரிப்பில் தெருக் கோழிகள் கலைந்தன. வீட்டில் அந்தப் பெண் கத்தரிக்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிறவள் என்று அவள் அம்மா பிறகு சொன்னாராம்.

நாத்தனார் கிளம்பும்போது செய்முறை கேட்டார். மருமகள் கைபேசியில் கிராம் கணக்கில் தட்டிக்கொண்டிருக்க, மாமியார் குறுக்கே விழுந்து, "அதெல்லாம் இருக்கட்டும். ராத்திரியே தயிர கட்டிப் போட்டுடு, சுட்ட காய சாய்ச்சி வெய்யி. மத்தது உன் இஷ்டம்" என்றார்.

வெளியே பிள்ளைகள் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து, ஓரத்தில் கருகி ஒட்டியிருந்த பொருக்கைத் தட்டைத் துண்டால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கடைசித் துண்டுக்குச் சண்டை வந்தது. ராத்திரி சட்டியில் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கப் போன மருமகளுக்கு, ஊறவைக்க அதில் ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.